வளையமும் வளைவும்

நுழையும்முன்

கல்லில் சிற்பம் வடிப்பவர் தம் மனத்தில் உள்ள வடிவத்தைக் கல்லின்மேல் ஏற்றுகிறார். வில் செய்பவருக்கு அந்த உரிமை இல்லை. மரம் எவ்வாறு வளர்ந்ததோ அவ்வாறே வில்லும் அமையவேண்டும். மரத்தின் நாரோட்டத்தையும் ஆண்டு வளையத்தையும் மீறிச் செதுக்கப்படும் வில் முறிந்துபோகும். உலகின் பல பகுதிகளில் வில்வினைஞர்கள் மரத்தைத் தேர்ந்த முறையையும் பதப்படுத்திய முறையையும் இப்பாடம் விளக்குகிறது. மரத்திற்கும் மனிதத் தேவைக்கும் இடையே நிகழ்ந்த இழுபறியையும் எடுத்துரைக்கிறது.

மரத்தின் பெயரே வில்லின் பெயர்

ஒரு கருவி எப்பொருளால் செய்யப்படுகிறதோ அப்பொருளின் பெயரையே கருவியும் பெறுவது மொழிகளில் காணப்படும் இயல்பு. தமிழில் ‘சிலை’ என்னும் சொல் வில்லைக் குறிக்கும். வில் செய்தற்குரிய ஒரு மரத்தின் பெயர் அது என்றும் உரையாசிரியர்கள் பொருள் கூறுவர். வட ஐரோப்பாவில் வழங்கிய பழைய நார்ஸ் மொழியில் யூ மரத்தையும் வில்லையும் ஒரே சொல் குறித்தது. வட அமெரிக்காவின் ஒசேஜ் மக்கள் வில் செய்யப் பயன்படுத்திய மரத்தைக் கண்ட பிரெஞ்சுக்காரர்கள், ‘வில்மரம்’ என்று பொருள்படும் பெயரைத் தம் மொழியில் அதற்கு இட்டனர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிலங்களில் தோன்றிய இப்பெயர்கள், வில்லின் உயிர் மரத்தில் இருக்கிறது என்ற ஒரே உண்மையை உணர்த்துகின்றன.

அவ்வுண்மையை மனிதர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். டென்மார்க் நாட்டின் ஹோல்மகார்டு சதுப்பு நிலத்தில் 1944ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட வில், ஏறத்தாழ 9000 ஆண்டுகள் பழமையானது. எல்ம் மரத்தால் ஆனது. 1991ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாறையில், ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. ‘ஓட்சி’ எனப் பெயரிடப்பட்ட அவர் அருகில் 1.82 மீட்டர் நீளமுள்ள யூ மர வில் ஒன்றும் இருந்தது. அது செய்து முடிக்கப்படாத வில். கோடரி செதுக்கிய தடங்கள் அதன்மேல் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. நாண் பூட்டுவதற்கு முன்பே அதைச் செய்தவரின் வாழ்வு முடிந்துவிட்டது.

இழுவிசையும் அழுத்தமும்

வில்லை வளைக்கும்போது மரத்தினுள் நிகழ்வதை அறிந்தால்தான் மரத்தேர்வின் நுட்பம் விளங்கும். வில்லுக்கு இரு முகங்கள் உண்டு. குறியை நோக்கி இருப்பது புறம். வில்லாளியை நோக்கி இருப்பது அகம். நாணை இழுக்கும்போது புறம் நீட்சியடைகிறது, அகம் நெருக்கப்படுகிறது. ஆகவே, புறத்தில் இழுவிசையும் அகத்தில் அழுத்தமும் உண்டாகின்றன. இவ்விரண்டும் மேற்பரப்பில் மிகுதியாகவும் நடுப்பகுதியை நெருங்க நெருங்கக் குறைவாகவும் இருக்கும். இழுவிசையைத் தாங்க இயலாத புறம் நாராகப் பெயர்ந்து முறியும். அழுத்தத்தைத் தாங்க இயலாத அகத்தில் நுண்ணிய மடிப்புகள் தோன்றும். வில் நாண் கழற்றிய பின்னும் நிமிராமல் வளைந்தே நிற்கும்.

வில்லின் விறைப்பு அதன் அகலத்தையும் தடிமனையும் பொறுத்தது. ஆனால், இரண்டும் சமமான பங்கு வகிப்பதில்லை. அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் 2 மில்லிமீட்டரைச் சீவினாலே அவ்விடத்தின் விறைப்பு நான்கில் ஒரு பங்கிற்கும் மேலாகக் குறையும். சீவிய மரத்தை மீண்டும் ஒட்ட இயலாது. எனவே, வில் செய்யும் தொழில் பொறுமையின் தொழிலாயிற்று.

வெளிறும் காழும்

மரத்தின் குறுக்குவெட்டில் பட்டைக்கு உள்ளே வெளிர்நிறப் பகுதியும் அதற்கும் உள்ளே செறிந்த நிறமுடைய பகுதியும் காணப்படும். முன்னதை வெளிறு என்றும் பின்னதைக் காழ் அல்லது வைரம் என்றும் தமிழர் வழங்கினர். நிலை, கதவு, கலப்பை முதலியவற்றுக்கு வைரம் பாய்ந்த மரத்தையே தேர்ந்து வெளிற்றை நீக்குவது தச்சர் வழக்கம். யூ மர வில்லில் இவ்வழக்கம் மாறுகிறது. அம்மரத்தின் வெளிறு இழுவிசையை நன்கு தாங்கும். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த காழ் அழுத்தத்தை நன்கு தாங்கும். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே வளர்ந்துள்ளன. ஆகவே, புறத்தில் மெல்லிய வெளிற்றுப் படலமும் அகத்தில் காழும் அமையுமாறு கட்டையைச் செதுக்கினால், பசையின்றி ஒட்டிய ஈரடுக்கு வில் இயற்கையாகவே கிடைத்துவிடும். இடைக்கால இங்கிலாந்தின் நெடுவில் இவ்வமைப்பினாலேயே பெயர்பெற்றது.

தெரிந்து தெளிவோம்

உள்ளே வைரமுடையவற்றை அகக்காழ் என்றும், வெளிப்புறத்தில் வலிமையுடையவற்றைப் புறக்காழ் என்றும் தொல்காப்பியம் பகுக்கிறது. அதன்படி அகக்காழ் உடையவை மரம். புறக்காழ் உடையவை புல். மூங்கில் புறக்காழ் உடையது. அதன் வலிமை மிக்க நார்கள் வெளித்தோலை ஒட்டியே செறிந்திருக்கும். ஜப்பானியரின் ‘யூமி’ என்னும் நெடுவில்லில் மூங்கிற் பட்டைகள் வில்லின் மேற்பரப்புகளில் வைத்து ஒட்டப்படுகின்றன. விசை மிகும் இடத்தில் வலிமை மிக்க பொருளை அமைக்கும் அறிவு இது.

மரத்தைப் படித்தல்

வில்வினைஞர் காட்டில் நுழைந்ததும் கோடரியை எடுப்பதில்லை. முதலில் மரத்தைப் படிக்கிறார். வில்லாளியின் உயரத்திற்கு ஏறத்தாழ ஈடான நீளத்திற்குக் கிளையற்ற, நேரான தண்டு வேண்டும். பட்டையின் கோடுகள் தண்டைச் சுற்றி முறுக்கிச் செல்லுமானால் உள்ளே நாரோட்டமும் முறுகியிருக்கும். அத்தகைய மரத்தில் எடுக்கும் வில் வளையும்போது திருகிக்கொள்ளும். பட்டையில் உள்ள சிறு குழிகளும் புடைப்புகளும் உள்ளே புதைந்த கணுக்களைக் காட்டிக்கொடுக்கும். கணு உள்ள இடத்தில் நார்கள் விலகிச் சுற்றிச் செல்வதால் அங்கு மரம் வலிமை குன்றியிருக்கும். மலைச்சரிவில் சாய்ந்து வளர்ந்த தண்டில் மேற்பக்கத்து மரமும் கீழ்ப்பக்கத்து மரமும் வெவ்வேறு இயல்புடையன என்பதையும் அவர் கருத்திற் கொள்கிறார்.

ஆண்டு வளையங்களின் நெருக்கமும் ஆராயத்தக்கது. ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்த யூ, குளிர்ந்த மலைப்பகுதியில் மெதுவாக வளர்ந்து நெருக்கமான வளையங்களைப் பெற்றிருப்பின் சிறப்புடையது. ஒசேஜ் ஆரஞ்சு, ஆஷ் முதலிய அகன்ற இலை மரங்களில் நிலை வேறு. அவற்றின் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் இளவேனிற்காலத்தில் உருவாகும் துளைகள் மிக்க மென்மரமும், பின்னர் உருவாகும் செறிந்த வன்மரமும் உள்ளன. வளையம் அகலமாக இருந்தால் வன்மரத்தின் பங்கு கூடும். எனவே, இம்மரங்களில் அகன்ற வளையமே விரும்பப்படுகிறது. எல்லா மரத்திற்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை.

பிளத்தலும் உலர்த்தலும்

வெட்டிய தண்டை வாளால் அறுப்பதைவிட ஆப்பு வைத்துப் பிளப்பதே சிறந்த முறை. வாள், தான் செல்லும் வழியில் நார்களைக் குறுக்காக வெட்டிவிடும். ஆப்பினால் உண்டாகும் பிளவோ நார்களின் இடையே அவற்றின் போக்கிலேயே செல்லும். தண்டின் முனையில் ஆப்பை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து, பிளவு நீள நீள அடுத்தடுத்து ஆப்புகளைச் செருகிச் செல்வர். இவ்வாறு நெடுகப் பிளந்தெடுத்த துண்டே விற்கட்டை. பிளந்த முகம் நெளிந்திருப்பின் வில்லும் நெளிந்தே அமையும். அந்நெளிவைச் சீவி நேராக்க முயல்வது நார்களை அறுப்பதில் முடியும்.

பச்சைமரம் நாள்தோறும் நீரை இழக்கிறது. பக்கங்களைவிட இரு முனைகளின் வழியே நீர் பல மடங்கு விரைவாக வெளியேறும். முனை முதலில் உலர்ந்து சுருங்க, உட்பகுதி ஈரத்துடன் இருப்பதால் வெடிப்பு தோன்றும். இதைத் தடுக்க, வெட்டியவுடன் முனைகளில் மெழுகோ பசையோ வண்ணமோ பூசுவர். பின்னர் வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் அடுக்கி வைப்பர். விற்கட்டை முழுமையாகப் பதப்பட மாதங்கள் முதல் ஆண்டுகள் வரை ஆகலாம். கட்டையை அவ்வப்போது எடைபோட்டுப் பார்ப்பது எளிய சோதனை. எடை குறைவது நின்றால், மரம் சூழலின் ஈரப்பதத்தோடு ஒத்துவிட்டது என்று பொருள். ஈரம் மிகுந்த மரத்தில் செய்த வில் வளைந்தே நின்றுவிடும்; அளவுக்கு மீறி உலர்ந்த மரத்தில் செய்த வில் முறியும்.

ஒற்றை வளையம்

வில்லின் புறத்தை அமைப்பதே தொழிலின் மிக நுட்பமான கட்டம். புறத்தின் நார்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் செல்லவேண்டும். எல்ம், ஆஷ், ஹிக்கரி போன்ற மரங்களில் பட்டையைக் கவனமாக உரித்தால் வெளிப்படும் பரப்பே புறமாக அமையும். அதன்மேல் கத்தி படக்கூடாது. ஒசேஜ் ஆரஞ்சில் பட்டையையும் வெளிற்றையும் நீக்கிக் காழில் நல்ல வளையம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மேலுள்ள அனைத்தையும் சீவியெடுக்க வேண்டும்.

இரு கைகளாலும் பற்றித் தன்னை நோக்கி இழுக்கும் கத்தியால் இவ்வேலை செய்யப்படுகிறது. துளைகள் மிக்க மென்மரத்தில் கத்தி செல்லும்போது மொறுமொறுவென்னும் ஒலி எழும். வன்மரத்தைத் தொட்டதும் ஒலி அடங்கிப் பரப்பு வழவழப்பாகும். கண்ணோடு காதும் கையும் சேர்ந்து இவ்வேறுபாட்டை உணரவேண்டும். கணுவை அடையும்போது வளையம் மேடாக எழும். கத்தியும் அம்மேட்டைப் பின்பற்றி ஏறி இறங்க வேண்டும். மேட்டைச் சமமாக்கிவிட்டால் வளையம் அங்கு அறுபடும். வில் முறியும் இடமும் பெரும்பாலும் அதுவே. மரம் ஓராண்டில் வளர்த்த ஒற்றைப் படலம் வில்லின் முழு இழுவிசையையும் முன்னின்று தாங்குகிறது.

வளைவைச் சீராக்கல்

புறம் அமைந்தபின், நாரோட்டத்தை ஒட்டி நடுக்கோடு வரைந்து வில்லின் உருவம் குறிக்கப்படுகிறது. இனிச் சீவுவதெல்லாம் அகத்திலும் பக்கங்களிலும் மட்டுமே. இரு முனைகளிலும் நாண் பொருந்தும் வெட்டுகளாகிய குதைகள் அமைக்கப்படும். பிறகு வில்லை ஒரு தாங்கியில் கிடத்தி, தளர்வான நாண் பூட்டிச் சிறிதளவே இழுத்து வளைவைக் கவனிப்பர். இரு கைகளும் ஒரே சீராக வளைகின்றனவா, எங்கேனும் மடங்குகிறதா, எங்கேனும் வளையாமல் விறைத்து நிற்கிறதா என்று ஆராய்வர். விறைத்த இடத்தில் மட்டும் சில சீவல்கள் எடுப்பர். மடங்கும் இடத்தைத் தொடமாட்டார்கள். அதன் இருபுறமும் உள்ள பகுதிகளை அதற்கு இணையாகத் தளர்த்துவர். ஒவ்வொரு முறை சீவிய பின்னும் வில்லைப் பலமுறை மெல்ல இழுத்துவிட்டு, புதிய தடிமனுக்கு மரத்தைப் பழக்குவர். அதன் பின்னரே அடுத்த சீவல்.

இழுக்கும் தொலைவு விரற்கடை விரற்கடையாகக் கூடுகிறது. வளைவில் பிழை தெரியும்போது அதற்குமேல் இழுப்பதில்லை என்பது இத்தொழிலின் கட்டுப்பாடு. மீறினால், அதுவரை செய்த வேலை அனைத்தும் ஒரு நொடியில் வீணாகும்.

காடு கொடுத்த விலை

1545ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள் ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய கடலில் மூழ்கியது. 1982ஆம் ஆண்டு அதன் சிதைவு மேலே கொணரப்பட்டது. அதிலிருந்து 130க்கும் மேற்பட்ட முழுமையான யூ மர விற்களும் 3500க்கும் மேற்பட்ட அம்புகளும் மீட்கப்பட்டன. கடலடிச் சேறு அவ்விற்களை நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது. நெருங்கிய வளையங்கள், புறத்தில் வெளிறு, அகத்தில் காழ், கணுவருகே மேடாக விடப்பட்ட மரம் ஆகியவை வினைஞர்களின் கைத்திறனைக் காட்டின. இவ்விற்களை இழுக்க 45 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடைக்கு ஈடான விசை தேவைப்பட்டிருக்கும் என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

இவ்விற்கள் வேறொரு செய்தியையும் சொல்கின்றன. இத்துணைச் சிறந்த யூ மரம் இங்கிலாந்தின் தேவைக்கு அங்கே கிடைக்கவில்லை. 1472ஆம் ஆண்டிலேயே, அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் வணிகக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்கிற்கும் நான்கு விற்கட்டைகளைக் கொண்டுவரவேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. ஆல்ப்ஸ் மலைக் காடுகளில் கோடரிகள் ஓயாது ஒலித்தன. யூ மிக மெதுவாக வளரும் மரம். கணுவற்ற நல்ல தண்டு உருவாக மனித வாழ்நாளினும் நீண்ட காலம் தேவை. தேவையோ ஆண்டுதோறும் பெருகியது. 1507ஆம் ஆண்டு யூ மரம் வெட்டுவதை நிறுத்துமாறு புனித ரோமப் பேரரசர் பவேரியக் கோமகனைக் கேட்டுக்கொண்டார், வணிகம் நிற்கவில்லை. 1562ஆம் ஆண்டு, காடுகளுக்கு நேர்ந்த அழிவை விரித்துரைத்து, வெட்டுதலைத் தடுக்குமாறு பவேரிய அரசு பேரரசரிடம் முறையிட்டது. யூ மரங்களை மட்டும் தேடி வெட்டியதால் காட்டின் கவிகை கிழிந்து, அதன் வழியே புகுந்த காற்று அண்டை மரங்களையும் சாய்த்தது. சில ஆண்டுகளில் வெட்டுவதற்கு யூ மரங்களே அங்கு எஞ்சவில்லை. 1595ஆம் ஆண்டு இங்கிலாந்து தன் படையில் வில்லுக்கு மாற்றாகத் துப்பாக்கியை ஏற்றது. வில்லின் காலம் முடிந்தது. இழந்த காடு உடனே திரும்பவில்லை.

மரத்தை வாழவிட்ட வினைஞர்கள்

மேற்கு அமெரிக்காவின் நெவாடா வறண்ட நிலத்தில் வாழ்ந்த தொல்குடி மக்கள் வேறொரு வழியைக் கண்டனர். அவர்கள் வில்லுக்குத் தேர்ந்தது ஜூனிப்பர் மரம். நேரான நாரோட்டமுள்ள பக்கத்தில் வில்லின் நீள இடைவெளி விட்டு மேலும் கீழும் கற்கருவியால் இரு வெட்டுகள் இடுவர். வெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் நீரோட்டம் தடைப்பட்டு, நின்ற மரத்திலேயே மெல்ல உலரும். உரிய காலத்தில் அப்பகுதியை மட்டும் பிளந்தெடுப்பர். மரம் சாவதில்லை. புண் ஆறியபின் அவ்விடத்தில் வளரும் புதிய மரமும் நேரான நாருடன் அமைவதால், பின்வரும் தலைமுறை அங்கேயே மற்றொரு விற்கட்டையை எடுக்கும். இத்தழும்புகளைத் தாங்கிய ஜூனிப்பர் மரங்களை ஆய்வாளர் அங்கு கண்டறிந்து ஆவணப்படுத்தியுள்ளனர்.

ஜூனிப்பர் வில்லின் மரபு இன்னொருவர் வழியாகவும் உலகிற்குத் தெரியவந்தது. கலிபோர்னியாவின் யாஹி மக்கள், குடியேறியவர்களின் தாக்குதல்களால் அழிக்கப்பட்டனர். அவர்களுள் எஞ்சிய ஒருவர் 1911ஆம் ஆண்டு ஓரோவில் என்னும் ஊரருகே வெளிப்பட்டார். தம் பெயரை அவர் எவருக்கும் சொல்லவில்லை. அவர் மொழியில் ‘மனிதன்’ என்று பொருள்படும் ‘இஷி’ என்ற சொல்லே அவர் பெயராயிற்று. சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்த அவர், மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்கு வில் செய்யக் கற்பித்தார். ஜூனிப்பர் இழுவிசைக்கு வலிமை குறைந்தது என்பதால், புறத்தில் மான் தசைநாரைச் சால்மன் மீன்தோற் பசையால் ஒட்டும் முறையை அவர் அறிந்திருந்தார். 1916ஆம் ஆண்டு காசநோயால் இஷி மறைந்தார். தாம் கற்றவற்றை போப் 1923ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். பல தலைமுறைகளின் அறிவு ஒரே மனிதரின் கைகளில் எஞ்சியிருந்தது. அதைக் கற்க ஒருவர் முன்வந்ததால் அது முற்றாக அழியாமல் நின்றது.

முடிவாக

வில்வினைஞரின் அறிவு, எங்கே சீவுவது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதில் அடங்கியுள்ளது. வளையத்தை அறுக்காமல் நிறுத்துவது, பிழையான வளைவை மேலும் இழுக்காமல் நிறுத்துவது, தாய்மரத்தை வீழ்த்தாமல் ஒரு பகுதியோடு நிறுத்துவது என அது விரிகிறது. ஆல்ப்ஸ் காட்டில் விற்கட்டைகளைப் பிளந்தவர்களும் நார்களின் போக்கை நன்கறிந்தவர்களே. ஆனால், அவர்களை ஏவிய வணிகம் மரம் வளரும் காலத்தை எண்ணவில்லை. நெவாடாவின் தழும்பேறிய ஜூனிப்பர்கள் அக்காலத்தை எண்ணியவர்களின் கைச்சுவடுகளாக இன்றும் நிற்கின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள தச்சரைச் சந்தித்து, அவர் மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அதற்கு அவர் வழங்கும் சொற்களையும் கேட்டுத் தொகுக்க.
2. வில், அதன் உறுப்புகள் ஆகியவற்றைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களை அகராதியில் தேடிப் பட்டியலிடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

யூ மர வில்லின் புறத்தில் அமைவது
அ) காழ் ஆ) வெளிறு இ) பட்டை ஈ) தசைநார்

குறுவினா

1. விற்கட்டையை அறுக்காமல் பிளந்தெடுப்பது ஏன்?
2. அகக்காழ், புறக்காழ் – வேறுபடுத்துக.

சிறுவினா

1. வில்லின் தடிமனில் செய்யும் சிறு மாற்றமும் பெரிய விளைவைத் தருவதை விளக்குக.
2. வெட்டிய மரத்தின் முனைகளில் மெழுகு பூசுவதன் காரணத்தை எழுதுக.

நெடுவினா

ஆல்ப்ஸ் காடுகளில் யூ மரம் வெட்டப்பட்ட முறையையும், நெவாடாவில் ஜூனிப்பர் விற்கட்டை எடுக்கப்பட்ட முறையையும் ஒப்பிட்டு, இயற்கை வளத்தைப் பயன்படுத்துதல் குறித்த உம் கருத்தைத் தொகுத்துரைக்க.